நீதிபதி லோயாவின் மரணம்: நஞ்சு என்று பரப்புகிறவர்களுக்கும் வாயை மூடு என்கிறவர்களுக்கும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்காமல் கீழே போய் ஏசுவதற்கென்றே வருகிறவர்களுக்கும் ஸலாம்.

நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் அந்தக் குரல் பதிவு திரும்பவும் சுற்றுகிறது. இந்தியாவில் நீதிபதி லோயாவை நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள், அது நிரூபிக்கப்பட்டுவிட்டது, உலகமே மறைக்கிறது என்று ஒருவர் ஆவேசமாகப் பேசுகிறார். யார் நிரூபித்தது, எந்த நீதிமன்றத்தில், எந்த ஆண்டு என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், "நீங்கள் எந்தப் பக்கம்?" அதே குழுமத்தில் வேறு சிலர், "மௌத்துக்கு நேரம் வந்தால் யாரும் தடுக்க முடியாது, சந்தேகப்படுவது பாவம், அடுத்த நாட்டு விடயம் நமக்கெதற்கு" என்று உபதேசம் செய்கிறார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இரண்டையும் கேட்டுவிட்டு வந்து எது உண்மை என்று நம்மிடம் கேட்கிறார்கள். படிப்பிக்கிறவர்கள் என்ற வகையில் பதில் சொல்லும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. இரண்டு தரப்பும் பிழை என்பதுதான் நமது பதில். இரண்டும் ஒரே அளவு பிழை என்று சொல்ல மாட்டோம்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

2005 நவம்பர் 26ஆம் திகதி அஹமதாபாத் அருகே குஜராத் பொலிஸார் சொஹ்ராபுதீன் ஷேக் என்பவரைச் சுட்டுக் கொன்றார்கள். பயங்கரவாதி, மோதலில் இறந்தார் என்றார்கள். அவர் ஒன்றும் நல்ல மனிதர் என்று வாதாட நாம் வரவில்லை. அவர் மீது குற்ற வழக்குகள் இருந்தன. ஆனால் அவரது மனைவி கௌஸர் பீயும் காணாமற்போனார். 2007இல் குஜராத் அரசே உச்ச நீதிமன்றத்தில் (நமது நாட்டில் உயர் நீதிமன்றம் என்போமே, அதற்குச் சமமானது) அந்த மோதல் போலியானது என்றும், கௌஸர் பீ கொல்லப்பட்டு உடல் எரிக்கப்பட்டது என்றும் ஒப்புக்கொண்டது. ஜனாஸா இல்லை, கப்று இல்லை. விடயம் தெரிந்தவர் என்று கருதப்பட்ட துளசிராம் பிரஜாபதியும் 2006 டிசம்பரில் இன்னொரு "மோதலில்" இறந்தார். அவர் முஸ்லிம் அல்ல என்பதை, இதை வெறும் "நமது ஆள்" பிரச்சினையாகப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

சிபிஐ விசாரித்தது. குஜராத்தின் அப்போதைய உள்துறை இராஜாங்க அமைச்சர் அமித் ஷா 2010 ஜூலையில் கைதானார், பின்னர் பிணையில் வந்தார். குஜராத்தில் நியாயமாக விசாரணை நடக்காது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் வழக்கை மும்பைக்கு மாற்றியது. மாற்றியபோது ஒரு நிபந்தனையும் போட்டது: ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே நீதிபதி விசாரிக்க வேண்டும். அந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

முதல் நீதிபதி உத்பத், அமித் ஷா நீதிமன்றத்துக்கு வராததைக் கேள்வி கேட்டவர். 2014 ஜூனில் அவர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் டில்லியில் ஆட்சி மாறியிருந்தது. அடுத்து வந்தவர் பிரிஜ்கோபால் ஹர்கிஷன் லோயா. 2014 நவம்பர் இறுதியில் சக நீதிபதி ஒருவரின் வீட்டுக் கலியாணத்துக்காக நாக்பூர் போனார். ரவி பவன் என்ற அரச விடுதியில் தங்கினார். டிசம்பர் 1ஆம் திகதி அதிகாலை நெஞ்சுவலி என்று முதலில் ஒரு மருத்துவமனைக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்கும் கொண்டுபோனார்கள். காலை 6.15 அளவில் மரணம் அறிவிக்கப்பட்டது. வயது 48. பிரேத பரிசோதனை செய்தார்கள், இருதயக் குருதிக்குழாய்ப் பிரச்சினை என்று காரணம் எழுதினார்கள், உடல் லாத்தூர் மாவட்டத்திலுள்ள சொந்தக் கிராமத்துக்குப் போய் இறுதிக்கிரியையும் முடிந்தது. மூன்றாவது நீதிபதி வந்தார். அந்த டிசம்பர் 30ஆம் திகதி அமித் ஷா வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது நாள். அதை எதிர்த்து சிபிஐ மேன்முறையீடு செய்யவில்லை.

மூன்று ஆண்டுகள் யாரும் பேசவில்லை. 2017 நவம்பரில் கேரவன் சஞ்சிகை, லோயாவின் தந்தையும் சகோதரிகளும் எழுப்பிய கேள்விகளை வெளியிட்ட பிறகுதான் நாடு அதிர்ந்தது.

இப்போது குரல் பதிவுக்காரர்களிடம் வருவோம்.

மேலே எழுதிய வரிசையைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு நீதிபதி மாற்றப்படுகிறார், அடுத்தவர் திடீரென்று இறக்கிறார், மூன்றாமவர் வந்த கையோடு பெரிய புள்ளி விடுதலையாகிறார். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது என்பதும், ஒன்றினால் மற்றது நடந்தது என்பதும் வேறு வேறு. பெரும்போகத்தில் மழை பெய்தது, வெள்ளாமை விளைந்தது என்பதுபோல இதை இணைக்க முடியாது. நடுவில் ஆதாரம் வேண்டும். நஞ்சு என்கிறீர்களே, உடலிலிருந்து எடுத்த மாதிரிகளில் செய்த இரசாயனப் பரிசோதனையில் நஞ்சு இல்லை என்றுதான் அறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கையை நம்பாதிருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஏன் நம்பவில்லை, எந்த இடத்தில் பிழை என்று சொல்ல வேண்டுமே! ஏழு நிமிடக் குரல் பதிவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்னணியில் சோக நஷீத் மட்டும் இருக்கிறது.

இதனால் யாருக்கு இலாபம் என்று யோசித்தீர்களா? நீங்கள் "நஞ்சு" என்று அடித்துச் சொல்லும்போது, பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு வேலை சுகமாகிவிடுகிறது. நஞ்சு இல்லை என்ற ஒரு தாளைக் காட்டினால் போதும். உண்மையான கேள்விகள் எல்லாம் அந்தத் தாளுக்கு அடியில் புதைந்துவிடும். "இவர்கள் எப்போதும் இப்படித்தான், சதி சதி என்று கத்துவார்கள்" என்ற பெயரும் சேர்ந்து கிடைக்கும். உரத்த குரலில் பொய்யைக் கலந்து நியாயத்தைப் பேசினால் முதலில் செத்துப்போவது நியாயம்தான்.

உண்மையான கேள்விகள் என்ன? அவை நஞ்சைப் பற்றியவையே அல்ல. அந்த மரணத்தை விசாரித்த விதத்தைப் பற்றியவை.

சஞ்சிகையில் கட்டுரை வந்ததும் மகாராஷ்டிர அரசு, தனது உளவுப் பிரிவின் ஆணையாளரை வைத்து ஓர் இரகசிய விசாரணை நடத்தியது. நவம்பர் 23இல் தொடங்கி 28இல் அறிக்கை கொடுத்தாகிவிட்டது. மூன்று வருடம் பழைய மரணத்துக்கு ஐந்து நாள் விசாரணை. நாம் ஒரு பாடசாலையில் கதிரை காணாமற்போனதை விசாரிக்க வலயக் கல்வி அலுவலகம் எடுக்கும் காலம் இதைவிடக் கூட. அந்த அறிக்கையின் முதுகெலும்பு, லோயாவுடன் இருந்த நான்கு நீதித்துறை அதிகாரிகள் எழுதிக் கொடுத்த கடிதங்கள். சத்தியக் கடதாசி கூட இல்லை. நடந்தது இதுதான், இயற்கை மரணம்தான் என்று நால்வரும் எழுதினார்கள்.

சுயாதீன விசாரணை வேண்டும் என்று பலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். வழக்கை எந்த அமர்வுக்குக் கொடுப்பது என்பதிலேயே பிரச்சினை வந்தது. 2018 ஜனவரி 12ஆம் திகதி அந்த நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் நால்வர், செலமேஸ்வர், ரஞ்சன் கோகோய், மதன் லோக்கூர், குரியன் ஜோசப், வீட்டு முற்றத்தில் ஊடகங்களைக் கூப்பிட்டு, வழக்குகள் பங்கிடப்படும் விதம் சரியில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். லோயா விடயமா என்று ஒரு செய்தியாளர் கேட்டபோது ஆம் என்று கோகோய் பதில் சொன்னார். இந்திய நீதித்துறை வரலாற்றில் அதற்கு முன் இப்படி நடந்ததில்லை. "முகநூல்காரர்கள் கிளப்பிய வதந்தி" என்று இதைத் தட்டிவிடுகிறவர்கள் இந்த ஒரு நாளைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று அறிய ஆசை.

கடைசியில் பிரதம நீதியரசர் தீபக் மிஸ்ராவின் அமர்வு விசாரித்தது. ஏப்ரல் 19ஆம் திகதி தீர்ப்பு. இயற்கை மரணம், சந்தேகத்துக்கு இடமில்லை, மனுக்கள் உள்நோக்கம் கொண்டவை, நீதித்துறை மீதான தாக்குதல் என்றது. ஜூலை 31இல் மீளாய்வு மனுவும் தள்ளுபடி.

தீர்ப்பு முழுக்கக் குப்பை என்று சொல்கிறவர்களோடு நாம் உடன்பட மாட்டோம். மனுதாரர்கள் சொன்ன பல விடயங்களுக்கு அது வரிசையாகப் பதில் சொல்கிறது, சில பதில்கள் நியாயமாகவும் இருக்கின்றன. ஆனால் முக்கியமான இடத்தில் அது நிற்பது எதன் மீது? அந்த நான்கு கடிதங்கள் மீது. எழுதியவர்கள் நீதிபதிகள், அவர்களுடைய வார்த்தையைச் சந்தேகிக்கக் காரணமில்லை, எனவே குறுக்கு விசாரணை தேவையில்லை. சாராம்சம் இதுதான்.

அந்தக் கடிதங்களில் முரண் இல்லையா? முதல் மருத்துவமனையில் ஈ.சி.ஜி கருவியின் முனைகள் உடைந்திருந்தன, கருவி வேலை செய்யவில்லை, நேரம் வீணானது என்று நால்வரில் ஒருவர் எழுதியிருக்கிறார். மருத்துவமனைத் தரப்போ ஈ.சி.ஜி எடுத்தோம் என்கிறது. இரண்டில் ஒன்று பிழையாக நினைவில் வைக்கப்பட்டதாகவும் இருக்கலாம், மூன்று வருடம் கழித்து எழுதும்போது யாருக்கும் அப்படி நடக்கும். பெரிய சதி ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உலகம் முழுக்க இருக்கிறது: எழுதியவரைக் கூண்டில் ஏற்றி, சத்தியம் செய்வித்து, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியைக் கேள்வி கேட்க விடுவது. அரை நாள் வேலை. அந்த அரை நாளைக் கொடுக்க மறுத்ததுதான் இந்த வழக்கின் ஊழல். லோயா மாரடைப்பில்தான் இறந்திருந்தாலும் அந்த மறுப்பு பிழைதான்.

அலி (ரழி) அவர்களின் கவசம் பற்றிய சம்பவத்தை நமது மிம்பர்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! கலீபாவே வழக்காளியாக வந்து நிற்கிறார். எதிரே ஒரு சாதாரண மனிதர், முஸ்லிமும் இல்லை. காழி ஷுரைஹ் சாட்சி கேட்கிறார். மகனின் சாட்சி செல்லாது என்கிறார். கலீபாவின் வார்த்தை போதும் என்று அவர் சொல்லவில்லை. கதை கேட்டுச் சுப்ஹானல்லாஹ் சொல்கிற நாம், பதவியில் இருப்பவரின் வார்த்தையைச் சோதிக்கத் தேவையில்லை என்ற தீர்ப்பைப் பார்த்து "பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்கிறோம்.

இனி உபதேசக்காரர்கள். நமக்கு இவர்கள் மீதுதான் கோபம் கூடுதல்.

சந்தேகம் கொள்வதைப் பற்றி சூரா ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நல்லது. அதே சூராவில் ஆறு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். செய்தி ஒன்று வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி கட்டளை இருக்கிறது. தெளிவுபடுத்துவது என்றால் என்ன? விசாரிப்பது. 6ஆம் வசனம் குரல் பதிவுக்காரர்களின் வாயை அடைக்கிறது, சரி. விசாரணையே வேண்டாம் என்கிற உங்கள் வாயையும் அதுதான் அடைக்கிறது. 12ஆம் வசனம் ஒருவரின் அந்தரங்கத்தைத் துருவுவதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. ஒரு நாட்டின் நீதிமன்றம் தனது கடமையைச் செய்ததா என்று கேட்பதை எந்தத் தப்ஸீர் புறம் என்று சொல்கிறது?

"மகனே சந்தேகம் இல்லை என்று சொல்லிவிட்டாரே" என்பது அடுத்த வாதம். உண்மை, 2018 ஜனவரியில் லோயாவின் மகன் ஊடகங்கள் முன் அப்படிச் சொன்னார். அந்தப் பிள்ளையை நாம் ஒரு வார்த்தையும் குறை சொல்ல மாட்டோம். தகப்பனை இழந்த வீட்டுக்குள் கெமராக்களோடு நுழைந்த உலகத்தைத்தான் குறை சொல்ல வேண்டும். ஆனால் ஆளுங்கட்சித் தலைவர் மீதான கொலை வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த நீதிபதியின் மரணம் ஒரு குடும்பத்தின் சொந்த விடயம் மட்டும்தானா? அந்தக் கதிரையில் அடுத்து உட்காரப்போகிறவருக்கு அதில் பங்கில்லையா? கௌஸர் பீயின் வீட்டாருக்கு இல்லையா?

"இந்திய விடயம் நமக்கெதற்கு" என்பவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறோம். 2020இல் நமது மையித்துக்களை எரித்தபோது அவர்கள் என்ன சொன்னார்கள்? நிபுணர் குழு சொல்லிவிட்டது, நம்புங்கள் என்றார்கள். நாம் நம்பினோமா? எந்த நிபுணர், என்ன ஆய்வு, உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்கிறதே, தாளைக் காட்டுங்கள் என்று கேட்டோம். கேட்டதில் என்ன பிழை? அந்தக் கேள்வியை உலகத்தில் வேறு யாரும் கேட்டால் மட்டும் ஈமான் குறைந்துவிடுமா?

இதில் நமது வீட்டுக்குள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் நாக்பூரை மட்டும் பேசினால் நியாயமில்லை.

நமது நாட்டில் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி திடீர் மரணம், சந்தேக மரணம் நடந்தால் விசாரணை நடக்க வேண்டும். அதற்கென்றே திடீர் மரண விசாரணை அதிகாரி இருக்கிறார். நமது ஊர்களில் என்ன நடக்கிறது? மையித்து ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். பிரதேச சபை உறுப்பினர், ஜி.எஸ்., பள்ளி நிர்வாகத்தில் ஒருவர், தெரிந்த பொலிஸ்காரர். "போஸ்ட்மோட்டம் இல்லாமல் எடுத்துத் தாருங்கள்." ஜனாஸாவை விரைவுபடுத்தும் சுன்னத் இதற்குக் காரணமாகச் சொல்லப்படும். அஸருக்கு அடக்கிவிடுவோம். நாற்பது நாள் கழியும் முன்னே அதே ஆட்கள், அதே வட்ஸ்அப்பில், "அது சாதாரண மௌத் இல்லையாம், மருமகள் வீட்டில் ஏதோ நடந்ததாம்." விசாரிக்கக் கிடைத்த நேரத்தில் விசாரணையைத் தடுத்துவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க ஒரு பெண்ணின் தலையில் பழியைச் சுமத்துகிறோம். நீதிபதி லோயாவுக்காவது ஒரு பிரேத பரிசோதனை அறிக்கை இருக்கிறது, அதை வைத்து வாதாடலாம். நம்மிடம் அது கூட இருக்காது.

குடும்பம் வேண்டாம் என்றால் முடிந்தது என்ற பழக்கம் பெரிய நாடுகளிலும் இருக்கிறது. 2016 பெப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதியரசர் அன்டனின் ஸ்காலியா டெக்ஸாஸில் ஒரு பண்ணை விடுதியில் காலையில் இறந்து கிடந்தார். வயது 79, நோய்கள் இருந்தன. உள்ளூர் அதிகாரி உடலைப் பார்க்காமல் தொலைபேசியிலேயே இயற்கை மரணம் என்று முடிவு செய்தார். குடும்பம் விரும்பாததால் பிரேத பரிசோதனை இல்லை. தலையணை ஒன்றைப் பற்றி விடுதி உரிமையாளர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு சதிக் கதைகள் கிளம்பின. அவர் பிறகு விளக்கம் சொல்லியும் கதை ஓயவில்லை. பெரும்பாலும் அது வயதான ஒரு நோயாளியின் சாதாரண மரணம்தான். ஆனால் அதை உறுதியாகச் சொல்ல இருந்த ஒரே கதவை அவர்களே சாத்திவிட்டார்கள்.

வசீம் தாஜுதீனை மறந்திருக்க மாட்டீர்கள். 2012 மே 17, நாரஹேன்பிட்டி. எரிந்த காருக்குள் ரக்பி வீரரின் உடல். விபத்து என்றார்கள், அடக்கமும் முடிந்தது. 2015இல் மீண்டும் விசாரணை தொடங்கி, ஓகஸ்ட் 10ஆம் திகதி நீதிமன்ற உத்தரவின்படி தெஹிவளை மையவாடியில் கப்றைத் தோண்டி உடலை எடுத்தார்கள். 2016 பெப்ரவரியில் இது கொலை என்று நீதவான் தீர்மானித்தார். முதல் பரிசோதனையில் எடுத்த உடற்பாகங்கள் காணாமற்போனது பற்றித் தனியாக ஒரு விசாரணையே நடந்தது. அதற்குப் பிறகு வழக்கு நகர்ந்த வேகம் வேறு கதை. ஆனால் "விபத்து" என்ற முதல் சொல்லை மாற்றியது வதந்தி இல்லை. கோவை, உத்தரவு, மண்வெட்டி, ஆய்வுகூடம். அன்று கப்றைத் தோண்டுவது ஹராம் என்று யாராவது மறித்திருந்தால் அது இன்றுவரை விபத்தாகவே இருந்திருக்கும்.

சொஹ்ராபுதீன் வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்கிறவர்களுக்கு: 38 பேர் மீது குற்றப்பத்திரம். 16 பேர் விசாரணைக்கு முன்பே விடுவிப்பு. மிச்சம் 22 பேரையும் 2018 டிசம்பர் 21ஆம் திகதி விடுதலை செய்தார்கள். அரச தரப்பில் 210 சாட்சிகள், அதில் 92 பேர் பிறழ்ந்தார்கள். தீர்ப்புச் சொன்ன நீதிபதி, இறந்தவர்களின் குடும்பங்களை நினைத்து வருந்துவதாகவும் ஆதாரம் போதவில்லை என்றும் சொன்னார். அமித் ஷா 2019இலிருந்து இந்தியாவின் உள்துறை அமைச்சர்.

இனிக் காரியத்துக்கு வருவோம். குழும நிர்வாகிகள் அந்தக் குரல் பதிவை நீக்கிவிடுங்கள். லோயா வழக்கின் தீர்ப்பு 114 பக்கம், இணையத்தில் யாரும் எடுக்கலாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் நமது ஊரில் நிறைய இருக்கிறார்கள். சாட்சிக் கடிதங்கள் பற்றிய பகுதியை மட்டும் தமிழில் எழுதித் தந்தால் அதைப் பகிர்வோம். வாதாடுகிறவர்கள் அதை வாசித்துவிட்டு வாதாடட்டும்.

பள்ளி நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். திடீர் மரணங்களில் பரிசோதனையை நிறுத்தச் சொல்லி நிர்வாகத்தின் பெயரால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் பேசக் கூடாது. பேசுவதென்றால், அன்றைய தினமே சட்ட வைத்திய அதிகாரியைக் கொண்டு முடித்துத் தரும்படி பேசுங்கள், தேவைப்பட்டால் வாகனமும் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜமாஅத்தார் வந்து உட்கார்ந்தால்தான் அது எடுபடும்.